கடைமடை

வலிக்கிறவனுக்குத் தன் வலியைப் பற்றிச் சந்தேகம் எழ இடமில்லை என்பது பொதுவான எண்ணம். பிறர் வலியை நாம் ஐயுறலாம், நம் வலியைப் பிறர் ஐயுறலாம். ஆயினும் அனுபவிக்கிறவனுக்கும் அவன் அனுபவத்துக்கும் இடையே வேறொருவர் புக முடியாத ஒரு நிச்சயம் உண்டு என்றே நாம் நம்பி வந்திருக்கிறோம். அந்த நிச்சயம் சில காலமாக என்னிடம் இல்லை. இரவு உணவு முடிந்து, வீட்டு வேலைகள் அடங்கி, தெருவில் கடைசி ஆட்டோவின் சத்தமும் ஓய்ந்த பிறகு, இரண்டு பாதங்களிலும் விரல்களுக்கு அடியில் ஒரு குறுகுறுப்புத் தொடங்குகிறது. அது உள்ளங்காலின் மேட்டுக்குப் பரவி, அங்கே மெல்ல மெல்லக் காந்தலாக மாறி, எதிர்பாராத கணத்தில் பெருவிரலின் ஓரத்தில் சுரீரென்று ஒரு குத்தலாகப் பாய்ந்து, பாய்ந்த வேகத்திலேயே அடங்கியும் விடுகிறது. போர்வையின் ஓரம் விரல்மேல் படுகிற ஸ்பரிசம், பகலில் என் கவனத்துக்கே வராத அந்த இலேசான ஸ்பரிசம், இரவில் சகிக்க முடியாததாகிவிடுகிறது. காலை வெளியே நீட்டிப் பார்த்து, பிறகு எழுந்துபோய், கூடத்தின் பழைய காவிச் சிமெண்டுத் தரையில் பாதங்களை அழுத்தி நின்றால், தரையின் குளிர்ச்சி தீர்கிற வரையில் சற்று நிம்மதி. குனிந்து கையால் தொட்டுப் பார்த்தால் பாதம் சில்லென்றுதான் இருக்கிறது. சிவப்பில்லை, வீக்கமில்லை, ஒரு கீறலுமில்லை. நெருப்பு என்று பாதம் சொல்கிற செய்தியைக் கை மறுக்கிறது. இரண்டும் என் அவயவங்களே. இரண்டில் எதன் வார்த்தையை நான் ஏற்பது?

இதை எடுத்துச் சொன்னபோது வைத்தியர் பொறுமையாகக் கேட்டார். அவரைக் குறைகூற எனக்கு ஒன்றுமில்லை. வெளியே முப்பது பேர் காத்திருக்கும்போது ஒருவனுடைய இரவுகளைப் பற்றிக் கேட்பது சாமான்யமான தயை அல்ல. வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் சர்க்கரை 114. மூன்று மாத காலத்துச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. 6.1. காகிதத்தைப் பார்த்துவிட்டு, “சார், உங்களுக்கு சுகர் இன்னும் வரல. பார்டர்லதான் இருக்கு. கால் எரிச்சல் இதனாலன்னு உறுதியாச் சொல்ல முடியாது” என்றார். பயமுறுத்தக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் சொல்லப்பட்ட அந்த வாக்கியம், வீட்டுக்கு வந்த பிறகும் என்னுள் உறுத்திக்கொண்டே இருந்தது. எல்லைக்கு இந்தப் பக்கம் நோய் இல்லை, அந்தப் பக்கம் நோய். நான் இந்தப் பக்கத்தில் நிற்கிறேன். ஆனால் என் பாதங்கள் மட்டும் என்னைக் கேளாமலே அந்தப் பக்கம் சென்றுவிட்டனவா? ஒரு சரீரத்தின் ஒரு பகுதி ஒரு ராஜ்யத்திலும் மற்றொரு பகுதி மற்றொரு ராஜ்யத்திலும் குடியிருக்கக் கூடுமா?

அந்த எல்லை எங்கிருந்து வந்தது என்று அறியும் ஆவல் அதன் பிறகே எனக்கு உண்டாயிற்று. அறிந்தது என் சங்கடத்தைத் தீர்க்கவில்லை, வேறொரு திசையில் திருப்பியது. 1997ஆம் ஆண்டு அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் நிபுணர் குழு, அதுவரை வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கு 140 என்றிருந்த நோயின் வரம்பை 126 ஆகக் குறைத்தது. அந்த எண்ணைத் தேர்ந்தெடுக்க அவர்கள் அழைத்த சாட்சி கண். அரிசோனாவின் பீமா பழங்குடியினர், எகிப்து நாட்டினர், அமெரிக்கப் பொதுமக்கள் ஆகிய மூன்று கூட்டத்தாரிடையே, ரத்தச் சர்க்கரை எந்த அளவைத் தாண்டும்போது விழித்திரையின் நுண்ணிய நாளங்களில் சேதம் மிகுதியாகத் தென்படத் தொடங்குகிறது என்று வரைந்து பார்த்து, அந்தக் கோடு சட்டென்று மேலேறுகிற இடத்தை நோயின் வாசலாக நிர்ணயித்தார்கள். தோலைக் கீறாமல், சதையை அறுக்காமல், ரத்த நாளங்களை வெளியிலிருந்தே நேராகக் காணக்கூடிய இடம் விழித்திரை. ஆகையால் கண்ணைக் கேட்டது நியாயமே. ஆனால் பாதத்தை யாரும் கேட்கவில்லை. கண்ணின் வாக்குமூலத்தைக் கொண்டு வரையப்பட்ட கோட்டுக்குப் பாதமும் கட்டுப்பட்டிருக்க வேண்டும் என்று, சொல்லாமலே ஓர் ஏற்பாடு ஆகிவிட்டது. அந்தக் கோட்டுக்குக் கண்ணே கட்டுப்படவில்லை என்பதும் பின்னர்த் தெரிந்தது. அமெரிக்காவில் நீரிழிவுத் தடுப்புக்காக நடந்த பெரிய ஆராய்ச்சியில், நோயின் வரம்பைத் தாண்டாமல் எல்லைப் பிரதேசத்திலேயே இருந்தவர்களுள் ஏறத்தாழ 8 சதவீதத்தினரின் விழித்திரையில் நீரிழிவுக்குரிய குறிகள் காணப்பட்டன என்று 2007இல் எழுதினார்கள். எல்லைப் பிரதேசத்தின் தொடக்கத்தைப் பற்றியும் அறிஞர்களிடையே ஒற்றுமையில்லை: அமெரிக்கச் சங்கம் 2003இல் அதை 110இலிருந்து 100க்கு இறக்கியது, உலக சுகாதார நிறுவனம் 110இலேயே நின்றது. இரண்டுக்கும் இடையே 105 என்ற அளவோடு இருக்கும் ஒரு மனிதர் ஓர் ஏட்டின்படி எச்சரிக்கைக்குரியவர், மற்றோர் ஏட்டின்படி முழு ஆரோக்கியவான். அவருடைய பாதங்களில் இரவு என்ன நிகழ்கிறது என்பது இரண்டு ஏட்டிலும் இல்லை.

எண்களை நான் வெறுக்கவில்லை. ஆட்சி நடத்தவும் மருந்து கொடுக்கவும் எங்கேனும் ஒரு கோடு வரைந்துதான் ஆகவேண்டும். என் மனத்தை வருத்துவது வேறு. சரீரத்தில் எந்த உறுப்பு முதலில் துன்பப்படுகிறது என்பதை எந்த உறுப்பைப் பார்ப்பது நமக்குச் சௌகரியமோ அதைக்கொண்டு நாம் முடிவுசெய்கிறோம். பாதத்தின் உணர்வைத் தாங்கும் நரம்பணு முதுகெலும்பின் ஓரத்தில் ஒரு சிறு முடிச்சுக்குள் இருக்கிறது. அங்கிருந்து அந்த ஓர் அணுவின் இழை, இடுப்பையும் தொடையையும் முழங்காலையும் கெண்டைக்காலையும் கடந்து, ஏறத்தாழ ஒரு மீட்டர் தூரம் இறங்கி, விரல் நுனியின் தோலில் முடிகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய அவ்விழையின் நுனி உயிரோடிருக்க வேண்டிய பெரும்பாலான சத்துகள் மேலே அந்த அணுவிலேயே உற்பத்தியாகிக் கீழே அனுப்பப்படுகின்றன. விரைவாகச் செல்பவை நாளொன்றுக்கு 400 மில்லிமீட்டர் வரை செல்லும். இழையின் கட்டுமானத்துக்கு வேண்டியவையோ நாளுக்குச் சில மில்லிமீட்டர் தூரமே நகரும். இன்று என் பெருவிரலின் நுனியைத் தாங்கி நிற்கும் பொருள் பல மாதங்களுக்கு முன்பு என் இடுப்புக்கருகில் புறப்பட்டது என்று எண்ணும்போது, நான் நேற்று உண்டதையும் இன்று நடந்ததையும் கொண்டு இந்த வேதனைக்குக் கணக்குக் கேட்பது எவ்வளவு அவசரமான காரியம் என்று தோன்றுகிறது. காவிரிப் பாசனத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேட்டூரில் திறந்த நீர் கல்லணை தாண்டி, வெண்ணாற்றில் பிரிந்து, கிளை வாய்க்கால்களில் கசிந்து, திருத்துறைப்பூண்டிக்கும் வேதாரண்யத்துக்கும் போய்ச் சேர்வதற்குள் தலைமடையில் நடவே முடிந்திருக்கும். எங்கோ ஒரு மதகு பழுதானாலும், எங்கோ ஒரு கரை உடைந்தாலும், அணையில் நீர்மட்டம் இன்னும் திருப்தியாக இருக்கிறது என்று பத்திரிகை சொல்லிக்கொண்டிருக்கும்போதே, கடைமடையில் பயிர் வாடத் தொடங்கிவிடும். பாதம் இந்தச் சரீரத்தின் கடைமடை. வறட்சி அங்கேதான் முதலில் தெரிகிறது. அளவுகோலோ அணையில் இருக்கிறது.

பரிசோதனை மேஜையில் கண்ணை மூடிப் படுத்திருந்த அந்தப் பகற்பொழுதை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். பத்துக் கிராம் அழுத்தத்தில் வளைந்துவிடும் ஒரு நைலான் இழையைப் பாதத்தின் அடியில் அங்கங்கே தொட்டு, “தெரியுதா சார்?” என்று கேட்டாள் பரிசோதித்த பெண். தெரிந்தது. வினாடிக்கு 128 தடவை அதிரும் இசைக்கவையைத் தட்டிப் பெருவிரல் எலும்பின்மேல் வைத்தாள். அதிர்வு எலும்பின் உள்ளே ரீங்காரமிட்டு மெல்லத் தேய்ந்து மறைகிற வரையில் என்னால் சொல்ல முடிந்தது. வேறொரு நாள், கால் நரம்பில் மின்சாரத்தைச் செலுத்தி அதன் வேகத்தை அளந்தார்கள்; அதுவும் பழுதில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது என்று கேட்டு வெளியே வந்தபோது என் மனத்தில் எழுந்தது ஆறுதல்தான். அதன் அடியில் இன்னதென்று சொல்ல முடியாத ஒரு தனிமையும் இருந்தது. என் தரப்புச் சாட்சிகள் எல்லாம் கலைந்துபோய், நான் மட்டும் வழக்காடிக்கொண்டு நிற்கிறேன். பிறகுதான் அறிந்தேன்: அந்தச் சோதனைகள் யாவும் தடித்த உறை போர்த்த பெரிய நரம்பிழைகளை விசாரிப்பவை. அதிர்வையும் தொடுகையையும் சுமந்து மிக வேகமாக ஓடுபவை அவை. காந்தலைச் சுமப்பவை வேறு. உறையற்ற மெல்லிய இழைகள். அவற்றில் செய்தி வினாடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர், அதாவது காலாற நடக்கிற ஒருவருடைய வேகத்தில் மேலே போகிறது. மின்சாரச் சோதனையின் கருவிக்கு அந்த மெல்லிய நடை கேட்பதில்லை. அவற்றை விசாரிக்க வேண்டுமானால், வெளிக் கணுக்காலுக்குப் பத்து சென்டிமீட்டர் மேலே மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு துளித் தோலை வெட்டியெடுத்து, சாயமேற்றி, நுண்ணோக்கியின் கீழ் வைத்து, மேல்தோலுக்குள் ஏறியிருக்கும் இழைகளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும்.

அப்படி எண்ணுகிறவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் சிங்கிள்டனும் ஸ்மித்தும் அவர்களுடைய சகாக்களும், காரணம் அறியப்படாத கால் நரம்பு வேதனையோடு தம்மிடம் வந்தவர்களுக்குச் சர்க்கரைக் கரைசலைக் குடிக்கக் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துச் சோதித்துப் பார்த்து, அவர்களில் கணிசமானவர்கள் எல்லைப் பிரதேசத்தில் இருப்பதை 2001இல் எடுத்துக்காட்டினார்கள். ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் வட்டாரத்து மக்களிடையே நடந்த ஓர் ஆய்வு, நரம்புச் சேதம் சர்க்கரை நோயாளிகளில் 28 சதவீதத்தினருக்கும், குளுக்கோஸைச் செலவழிக்கும் திறன் குறைந்த எல்லைக்காரர்களில் 13 சதவீதத்தினருக்கும், ஒரு குறையுமில்லாதவர்களில் 7.4 சதவீதத்தினருக்கும் இருப்பதாக 2008இல் கணக்குக் காட்டியது. இதைப் படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி, நோயைப் பற்றிய செய்தியால் ஒரு மனிதனுக்கு உண்டாகத்தக்கதல்ல. என் பாதம் பொய் சொல்லவில்லை என்பதற்கு ஒரு தேசத்திலாவது ஆதரவு கிடைத்தது என்ற மகிழ்ச்சி. ஆனால் உண்மையை விரும்புகிறவன் தனக்கு அநுகூலமான பக்கத்தோடு புத்தகத்தை மூடிவிட முடியாது. மின்னசோட்டா மாநிலத்தில், நரம்பு வைத்தியத்தில் மிகப் பெரிய பெயரான பீட்டர் டைக்கும் அவருடைய குழுவினரும் ஒரு மாவட்டத்து மக்களை நுணுக்கமாக ஆராய்ந்து, எல்லைக்காரர்களிடையே நரம்புச் சேதம் மற்றவர்களைவிட அதிகமாக இல்லை என்று 2012இல் தீர்மானமாக எழுதினார்கள். அந்த ஏழு சதவீதத்தை மறுபடி பார்க்கிறேன். சர்க்கரையில் ஒரு குறையுமில்லாமலே கால் நரம்பு கெட்டவர்கள் அவர்கள். நான் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவனாகவும் இருக்கலாம். வைத்தியர் அன்று சொன்னது நல்லெண்ணத்தால் மட்டுமல்ல, நேர்மையாலும் சொன்னது.

என் தாயாருக்கும் இது இருந்தது. கோடை ராத்திரிகளில் முற்றத்துக் கல்லில் தண்ணீர் தெளித்துப் பாதங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். “உள்ளங்கால் காந்துதுடா தம்பி, கொஞ்சம் வெளக்கெண்ணெ தடவிவிடு” என்று என்னைக் கூப்பிடுவாள். வெடிப்புகள் ஓடிய குதிகாலும், மருதாணிச் சிவப்பு ஏறி மங்கிய விரல் நுனிகளும், எண்ணெய் பட்டதும் அவள் முகத்தில் உண்டாகும் தளர்ச்சியும் இன்றும் என் கைக்கு நினைவிருக்கின்றன. பித்தம் என்றார்கள், உஷ்ணம் என்றார்கள், மருதாணி அரைத்து அப்பச் சொன்னார்கள். அவள் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று யாரும் பார்த்ததில்லை. அவளுடைய வேதனைக்கு எல்லைக்கோடு இல்லை. ஆகவே அதை யாரும் மறுக்கவுமில்லை. வீட்டில் எல்லாருக்கும் அது உண்மை. சிகிச்சை இல்லாமல் போனது அவளுக்குப் பெரிய நஷ்டம்தான். ஆனால் நம்பிக்கைக்காக அவள் யாரிடமும் வாதாட நேரவில்லை. அவளை எண்ணும்போதெல்லாம் சரக சம்ஹிதையின் நிதான ஸ்தானம் நினைவுக்கு வருகிறது. பிரமேகம் என்ற பெயரில் நீரிழிவையும் அதன் உறவான நோய்களையும் தொகுத்துச் சொல்லுமிடத்தில், நோய் வெளிப்படுமுன் தோன்றும் பூர்வரூபங்களை அந்நூல் வரிசையாகச் சொல்கிறது. வாயில் இனிப்பு, தாகம், சோம்பல், உடலையும் சிறுநீரையும் எறும்புகள் நாடுவது ஆகியவற்றோடு, கைகால்களில் மரமரப்பும் எரிச்சலும் அந்த வரிசையில் இருக்கின்றன. நோய்க்குப் பின் அல்ல, முன். பழைய நூலில் இருக்கிறது என்பதாலேயே ஒன்று நிரூபணமாகிவிடாது. பழமையைக் கொண்டு இன்றைய ஆராய்ச்சியை மடக்கும் வழக்கத்தில் எனக்குச் சம்மதமுமில்லை. ஆயினும் ரத்தத்தை அளக்கும் கருவியேதும் இல்லாத காலத்தில், வந்தவர்களை உட்காரவைத்து, எப்போது தொடங்கியது, எங்கே எரிகிறது என்று கேட்டுக் கேட்டே ஒரு வைத்தியர் மரபு இதைக் குறித்து வைத்தது என்பதில் எனக்கு ஆழ்ந்த மரியாதை உண்டு. அவர்கள் பாதத்தைக் கேட்டிருக்கிறார்கள்.

பாதம் எரிகிறது என்றதும் சர்க்கரையையே நினைப்பது நம் காலத்துப் பழக்கம். நம் தேசத்தில் இந்த எரிச்சலின் பழைய சரித்திரம் பட்டினியின் சரித்திரம். கிரியர்ஸன் என்ற ஆங்கில வைத்தியர் 1826இலேயே இந்தியர்களிடம் கண்ட பாத எரிச்சலைப் பற்றி எழுதியிருக்கிறார். சேலத்தில் பிறந்தவரும், பின்னாளில் இந்தியப் போஷாக்கு ஆராய்ச்சியின் தலைமகனாக விளங்கியவருமான டாக்டர் சி. கோபாலன், 1946இல் அதே நோயை ஆராய்ந்து, போதிய ஊட்டமில்லாத ஏழைகளுக்கு பி வகை வைட்டமின்களின் குறைவால் வருவது என்று விளக்கினார். இருவர் பெயராலும் அது வழங்குகிறது. இரண்டாம் உலகப் போரில் கிழக்காசியச் சிறைமுகாம்களில் அடைபட்டிருந்த போர்வீரர்கள் இரவெல்லாம் கால் எரிந்து தூங்காமல் நடந்துகொண்டிருந்தார்கள் என்பதும் வைத்திய ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. அரிசி போதாமல் எரிந்த பாதம், இரண்டு தலைமுறைக்குள், அரிசி மிகுந்து எரிகிறது. என் தாயாருடைய காந்தல் எந்தக் கணக்கில் சேரும் என்று எனக்குத் தெரிய வழியில்லை. எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் மிஞ்சியதை உண்டவள் அவள். இல்லாமையும் மிகுதியும் ஒரே இழையைத் தாக்கி ஒரே வேதனையை எழுப்புமானால், வேதனையைக் கொண்டு அதன் காரணத்தைப் படிக்கலாம் என்ற என் ஆசை வீணானதுதான். பாதம் உண்மை பேசுகிறது. ஆனால் அது பேசுகிற உண்மையில் காரணத்தின் பெயர் இல்லை.

அதே 1946ஆம் ஆண்டில் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் வேலூருக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினால் தாமே உதிர்வதில்லை, வலி தெரியாததால் சுட்டுக்கொண்டும் வெட்டிக்கொண்டும் தேய்ந்தும் அழிகின்றன என்பதை அங்கே அவர் கண்டறிந்து நிலைநாட்டியது உலகம் அறிந்தது. வலி ஒரு வரப்பிரசாதம் என்பது அவருடைய வாழ்நாள் கொள்கை. 1966இல் அமெரிக்காவின் கார்வில்லுக்குச் சென்ற பிறகு, அதே பாடத்தை நீரிழிவுக்காரர்களின் கால்களுக்கும் அவர் எடுத்துரைத்தார். நான் அணிந்திருக்கும் எம்.சி.ஆர். செருப்பின் மெத்தென்ற கறுப்பு ரப்பர்கூட, வேலூரிலும் கரிகிரியிலும் தொழுநோயாளிகளின் புண்பட்ட பாதங்களுக்காக நடந்த அந்த உழைப்பின் வழியில் வந்ததுதான். அம்மகானிடம் எனக்குள்ள பக்தி பெரியது. ஆனாலும் நடுநிசியில் அவர் கொள்கையோடு எனக்கு வழக்கு இருக்கிறது. எந்த அபாயத்திலிருந்து என்னைக் காக்க இந்தக் காந்தல்? கூடத்துத் தரையில் நெருப்பில்லை. நாற்பத்துமூன்று டிகிரிக்கு மேல் உஷ்ணம் ஏறினால் விழித்தெழுகிற ஒரு புரத வாசல் இந்த மெல்லிய இழைகளின் நுனியில் இருப்பதை டேவிட் ஜூலியஸ் 1997இல் கண்டுபிடித்தார்; மிளகாயின் காரத்துக்கும் திறப்பது அதே வாசல்; அதற்காக 2021இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நெருப்பும் இல்லை, மிளகாயும் இல்லை, ஆயினும் இழை தானாகவே எரிகிறேன் என்று சொல்கிறதென்றால் அது காவல் அல்ல, காவலின் சிதைவு. இதைவிட என்னைக் கலங்கவைப்பது வேறொன்று. போன சித்திரையில் ஒரு கோயிலின் வெளிப் பிராகாரத்தை உச்சி வேளையில் சுற்றி வந்தேன். தென்னைநார் விரிப்பு பாதி வழியில் முடிந்துவிட்டது. என்னோடு வந்தவர்கள் கருங்கல்லில் கால் வைக்க முடியாமல் குதிகாலைத் தூக்கித் தூக்கி ஓடினார்கள். நான் நிதானமாக நடந்து நிழலை அடைந்தேன். “உங்களுக்குச் சுடலையாங்க?” என்று என் மனைவி வியப்போடு கேட்டபோதுதான், சுட்டது எனக்குக் குறைவாகவே தெரிந்தது என்பது என் பிரக்ஞைக்கு வந்தது. அன்றிரவு குளிர்ந்த தரையில் அதே பாதங்கள் காந்தின. நெருப்பில்லாத இடத்தில் கதறுவதும் நெருப்புள்ள இடத்தில் மௌனமாயிருப்பதும் ஒரே பாதம். வேதனையும் மரப்பும் எதிரிகள் அல்ல, ஒரே வீட்டில் குடியிருப்பவர்கள்.

தெய்வங்களைப் பாடும் புலவர்கள் பாதத்தில் தொடங்கிக் கேசத்தில் முடிப்பது நம் மரபு. மானிடரைப் பாடும்போது கேசத்தில் தொடங்கிப் பாதத்துக்கு வருவார்கள். வைத்திய சாலைகளிலும் மானிடருக்குரிய அந்த வரிசைதான் நடக்கிறது. நாக்கு, கண், நாடி, நெஞ்சு, வயிறு என்று இறங்கி, பாதத்துக்கு வருமுன்பே பல சமயம் நேரம் தீர்ந்துவிடுகிறது. செருப்பைக் கழற்றி அறைக்கு வெளியே விடச் சொல்லும் நம் வழக்கத்தால் பாதம் வெறுமையாகவே உள்ளே வருகிறது, ஆனாலும் யாரும் குனிவதில்லை. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கின்படி நம் தேசத்தில் நீரிழிவு உள்ளவர்கள் 10.1 கோடி; எல்லையில் நிற்பவர்கள் 13.6 கோடி. அந்தப் பதின்மூன்று கோடிப் பேரில் எத்தனை பேர் இந்த நேரத்தில் போர்வையை உதறிவிட்டு எழுந்து நிற்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன். பேருந்து நடத்துநர்கள், துணிக்கடைகளில் நாள் முழுவதும் நின்று விற்கும் பெண்கள், நடவு வயலில் சேற்றுக்குள் நிற்பவர்கள். சர்க்கரை இல்லை என்ற காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வயதாகிவிட்டது என்றோ, செருப்புச் சரியில்லை என்றோ, மனப் பிரமை என்றோ தமக்குத் தாமே சொல்லிக்கொள்பவர்கள். அவர்களுடைய பாதங்களைக் குனிந்து பார்த்து ஒரு வார்த்தை கேட்கும் வைத்தியர் வேண்டும் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.

எனக்கு விதிக்கப்பட்ட மருந்து நடை. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் எல்லையில் நின்ற 531 பேரைத் தேர்ந்து மூன்றாண்டு பின்தொடர்ந்து 2006இல் வெளியிட்ட முடிவு என்னை நடக்கவைக்கிறது: வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதத்தினர் எல்லையைக் கடந்து நோயாளிகளானார்கள், உணவையும் உழைப்பையும் மாற்றிக்கொண்டவர்களில் 39 சதவீதத்தினரே கடந்தார்கள். ஆகையால் விடியலில் நடக்கிறேன். எந்த அவயவம் வேதனைப்படுகிறதோ அதைக்கொண்டே அதன் வைத்தியத்தையும் செய்யவேண்டியிருப்பது இந்நோயின் விசித்திரம். முதற் சில நூறு அடிகள் கடினமானவை. விரல்களுக்கு அடியில் ஒவ்வோர் ஊன்றலும் தெரிகிறது. பிறகு ரத்தம் ஓடத் தொடங்கியதும் காந்தல் பின்வாங்கி, சற்று நேரம் எனக்குப் பாதங்கள் இருப்பதே மறந்துபோகிறது. நரம்பு வேதனைக்குத் தரும் பிரிகாபலினை இரவில் சாப்பிட்டால் தூக்கம் வருகிறது. காலையில் தலை கனத்து, எழுதுகிற வாக்கியம் நடுவில் அறுந்து நிற்கிறது. ஆகவே எழுதவேண்டிய நாளுக்கு முந்தைய இரவு எப்படிக் கழியும் என்பது எனக்கு முன்கூட்டியே தெரியும்.

யூட்டாவின் ஸ்மித் குழுவினர் 2006இல் இன்னொன்றும் எழுதினார்கள். எல்லைக்காரர்களை ஓராண்டு நடக்கவைத்து, உணவைத் திருத்தி, மறுபடி தோலை எடுத்து எண்ணியபோது, மேல்தோலுக்குள் இழைகள் கூடியிருந்தன. வாடிய நுனிகள் மறுபடி வளர்ந்திருந்தன. இந்த ஒரு செய்தியை நான் பல தடவை படித்திருக்கிறேன். ஆனால் வளர்கிற நரம்பின் நுனியும் அமைதியாக இருப்பதில்லை; புதிதாகத் துளிர்க்கும் இழைகள் காரணமின்றித் தாமாகவே செய்தி அனுப்பக்கூடியவை. நெடுநாள் மிகுந்திருந்த சர்க்கரையை வேகமாகக் குறைத்ததும் காலில் கடும் வேதனை எழுந்த நோயாளிகளைப் பற்றி 1933இலிருந்தே எழுதி வருகிறார்கள். சில வாரங்களாக என் இடது காலின் சிறுவிரலில், முன்பு மரத்துக் கிடந்த இடத்தில், ஒரு புதிய குறுகுறுப்பு இருக்கிறது. அது இன்னும் எஞ்சியிருந்த இழையொன்று அழிகிற அறிகுறியா, அழிந்தது திரும்பி வருகிற அறிகுறியா என்பதை அந்த உணர்வை மட்டும் கொண்டு சொல்ல என்னால் இயலவில்லை; இரண்டுக்கும் அது ஒன்றுபோலவே இருக்கும் என்கிறார் வைத்தியர். அறிவதற்குக் கணுக்காலுக்கு மேலே இரண்டு முறை தோலை வெட்டியெடுத்து, இடையே ஓராண்டு பொறுத்திருந்து, எண்ணிப் பார்க்கவேண்டும். முதல் துண்டை வெட்டிக் கொடுக்க நான் இன்னும் சம்மதிக்கவில்லை. அடுத்த மாதம் போகும்போது அவர் மறுபடி கேட்பார்.